செத்தவர் வாங்கிய வாய்தா

நீதிமன்றத்தில் யாருக்கும் நோகாத வாக்கியம் ஒன்று உண்டு. "எதிரி தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டதால் வழக்கு ஒத்திவைக்கப்பட்டது." எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். கோர்ட்டு பாஷையில் அவருக்கு அதுதான் பெயர், குற்றம் செய்தாரோ இல்லையோ. இந்த வாக்கியத்தை எழுதிவிட்டால் கைதியை ஏன் கூட்டி வரவில்லை என்று போலீசுக்கு மெமோ போகாது. டாக்டர் ஏன் சாட்சி சொல்ல வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். நீதிபதியிடம் மேலிடம் விளக்கம் கேட்காது. எதிரி தரப்பு வக்கீல் அதைப் படிக்கப்போவதே இல்லை. நோகக்கூடிய ஒரே ஆள் ஜெயிலுக்குள் இருக்கிறான், அவன் கைக்குக் கோர்ட்டு நாட்குறிப்பு வருவதில்லை.

அந்த வாக்கியத்தை முப்பத்தொரு வருடமாக முத்து முத்தாக எழுதி வந்தவர் பெஞ்சு கிளார்க். நீதிபதியின் மேடைக்குக் கீழே, வழக்குக் கட்டுகளுக்கு நடுவில் தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பார். வக்கீல்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் வாய்தா ஐயா. அடுத்த தேதி என்ன என்று கேட்டால் நாட்காட்டியைப் பார்க்காமலே சொல்லுவார்.

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு டீக்குக்கூட யாரிடமும் கை நீட்டியதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து வழக்கு கூப்பிடப்படும், அதில் முப்பத்தெட்டு தள்ளிப்போகும். ஒவ்வொன்றும் ஏன் தள்ளிப்போனது என்று ஆராய்ந்து எழுத உட்கார்ந்தால் விடிந்துவிடும். அதனால் சாயங்காலம் நாட்குறிப்பை விரித்து அநேகமாக எல்லாவற்றுக்கும் அதே வாக்கியத்தை எழுதிவிட்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்பார். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் அதையேதான் எழுதினார்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அந்தக் கோர்ட்டுக்குப் புது நீதிபதியாக ஒரு அம்மா வந்தார். சின்ன உருவம். மேடை நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது என்று டபேதார் ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து போட்டார். "நல்லதாப் போச்சு" என்று சொல்லி அம்மா அதன் மேல் காலை வைத்துக்கொண்டார், வெட்கமெல்லாம் படவில்லை. ஒரே வாரத்தில் அவருக்குக் கணக்கு டீச்சர் என்று பெயர் விழுந்தது. ஜாமீன் மனு வந்தால் மற்றவர்கள் குற்றம் என்ன என்று கேட்பார்கள். இவர் அதையும் கேட்பார், கேட்டுவிட்டுப் பென்சிலைக் கையில் எடுப்பார்.

அந்த வெள்ளிக்கிழமையும் எடுத்தார். லிஃப்ட்காரன் வழக்கு. ஒரு துணிக்கிடங்கில் சரக்கு லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன், மூன்றாவது மாடியில் மேற்பார்வையாளரோடு சண்டை போட்டு, அவரை லிஃப்ட் குழிக்குள் தள்ளிக் கொன்றுவிட்டான் என்று குற்றச்சாட்டு. தானாகத் தவறி விழுந்தார் என்கிறான் இவன். ஆறு வருடம் நாலு மாதமாக உள்ளே இருக்கிறான். ஜாமீன் கேட்பது இது நான்காவது தடவை.

"எத்தனை சாட்சி?"

"நாப்பத்தி நாலும்மா" என்றார் அரசு வக்கீல். நெட்டையான மனிதர், நேர்மையான மனிதர், குரலை உயர்த்தாமலே பயமுறுத்தத் தெரிந்தவர்.

"விசாரிச்சது?"

"அஞ்சு."

அம்மா குனிந்து பென்சிலால் வகுத்துப் பார்த்தார். "இந்த வேகத்துல போனா மிச்ச முப்பத்தொன்பது பேருக்கு இன்னும் நாப்பத்தொன்பது வருஷம் ஆகும். கடைசி சாட்சி கூண்டுல ஏறும்போது எனக்குத் தொண்ணூத்தேழு வயசு. உங்களுக்கு எவ்வளவு சார்?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அரசு வக்கீல் சிரிக்கவில்லை. "கொலை வழக்கும்மா. செத்தவருக்குக் குடும்பம் இருக்கு. முன்னால மூணு தடவை இதே கோர்ட்டு ஜாமீன் மறுத்திருக்கு. மூணு உத்தரவுலயும் ஒரே காரணம்தான். விசாரணையை இழுத்தடிக்கிறதே எதிரி தரப்புதான். நாட்குறிப்பு அப்படித்தான் சொல்லுது."

"சரியான பாயின்ட்" என்றார் அம்மா. கேலியாகச் சொல்லவில்லை. அந்த வாரம்தான், இரண்டு வருடமாக உள்ளே இருந்த ஒருவனுக்கு, சாட்சி வீட்டுக்கு ஆள் அனுப்பி மிரட்டினான் என்று தெரிந்ததும் யோசிக்காமல் ஜாமீன் மறுத்திருந்தார். "அவனே இழுத்தடிச்சிருந்தா, அந்தத் தாமதத்தையே காட்டி அவன் ஜாமீன் கேக்க முடியாது. இழுத்தது மத்தவங்கன்னா, அவனை உள்ள வச்சிருக்க நமக்கு உரிமை இல்லை. இதுல எதுன்னு எனக்குத் தெரியணும். திங்கட்கிழமை முடிவு சொல்றேன்." பிறகு மேடையிலிருந்து கீழே எட்டிப் பார்த்தார். "எத்தனை தடவை தள்ளிப்போச்சு, ஒவ்வொரு தடவையும் யாரால. தேதிவாரியா ஒரு அட்டவணை போட்டுத் தர்றீங்களா?"

"போட்டுடலாம்மா" என்றார் வாய்தா ஐயா. நாட்குறிப்பு அவர் எழுதியது. அதைக் கோர்ட்டே மதித்துக் கேட்கிறது என்றதும் கழுத்து ஒரு அங்குலம் உயர்ந்தது.

வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. ஒரு முனையில் லிஃப்ட்காரனின் அக்கா, மறுமுனையில் செத்துப்போன மேற்பார்வையாளரின் மனைவி. ஆறு வருடமாக அதே பெஞ்சு, அதே முனைகள், நடுவில் யாராவது உட்கார்ந்துகொள்வார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த மனைவி எழுந்து வந்து, "ஏன் சார் இன்னைக்கும் நடக்கல?" என்று கேட்பாள். வாய்தா ஐயாவும் பொறுமையாக, "எதிரி தரப்பு அவகாசம் கேட்டுட்டாங்கம்மா" என்பார். அவள் திரும்பி அக்காவை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பச்சை மரமும் பற்றிக்கொள்ளும்.

சனிக்கிழமை ஆபீசில் யாரும் இல்லை. வாய்தா ஐயா ஆறு வருட நாட்குறிப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு அளவுகோலால் கோடு போட்டார். அம்மா கேட்டது தேதி, காரணம், இரண்டு கட்டம்தான். ஆனால் இவர் எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர். அவகாசம் கேட்ட வக்கீலின் பெயரையும் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்புவது என்பார்களே, அந்தக் கிணற்றை அவரே இப்படித்தான் தோண்டினார்.

மத்தியானம் வரை அழகாகப் போனது. மொத்தம் எழுபத்து மூன்று வாய்தா. அதில் அறுபத்தொன்று எதிரி தரப்பு. பெயர்க் கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே வக்கீலின் பெயர். தொண்டை வக்கீல் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் பேசினால் பக்கத்துக் கோர்ட்டில் சாட்சி பதில் சொல்லுவான் என்று ஒரு வேடிக்கைப் பேச்சு இருந்தது. நாற்பத்தொன்றாவது வரிசையில் அந்தப் பெயரைப் பாதி எழுதும்போது பேனா நின்றது.

தேதியைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

தொண்டை வக்கீல் அதற்கு ஒன்பது நாள் முன்னாலேயே செத்துப்போயிருந்தார். மாரடைப்பு. வாய்தா ஐயா அரை நாள் லீவு போட்டுச் சுடுகாடு வரை போய் வந்திருக்கிறார். இதே கோர்ட்டில் இரண்டு நிமிடம் எழுந்து நின்று மௌனம் இருந்திருக்கிறார்கள். ஒன்பது நாள் கழித்து அந்த மனிதர் அவகாசம் கேட்டதாக நாட்குறிப்பு சொல்கிறது. அடுத்த மாதமும் கேட்டிருக்கிறார். அதற்கடுத்த மாதமும். இலவச சட்ட உதவியில் ஒரு புது வக்கீலை நியமிக்கும் வரை, செத்தவர் மொத்தம் பதினோரு தடவை வாய்தா வாங்கியிருக்கிறார். பதினோரு தடவையும் முத்து முத்தான கையெழுத்து.

 வழக்குக் கட்டைப் பிரித்து இரண்டாவது ஜாமீன் மனுவைத் தேடினார். அந்தப் பதினோரு மாதத்துக்குள்தான் அது வந்திருந்தது. ஜெயிலிலிருந்து லிஃப்ட்காரனே எழுதியது, எழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து ஓடியது. "எனக்கு இப்போது வக்கீல் இல்லை. அவர் இறந்துவிட்டதாக அக்கா சொன்னாள். தயவுசெய்து யாரையாவது வைத்து என் வழக்கை நடத்துங்கள்." அதன் மேலேயே தள்ளுபடி உத்தரவு குத்தியிருந்தது. "எதிரியின் வக்கீல் தொடர்ந்து அவகாசம் பெற்று வருவது நாட்குறிப்பிலிருந்து தெளிவாகிறது." பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதற்கு இதைவிட எழுத்துபூர்வமான அத்தாட்சி வேண்டுமா? 

தப்பிக்க வழி மிகச் சுலபம். மூன்றாவது கட்டத்தை எடுத்துவிட்டுச் சுத்தப் பிரதி எழுதினால் போதும். அம்மா அதைக் கேட்கவே இல்லை. இந்த ஊர்க் கோர்ட்டுக்கு அவர் புதிது, தொண்டை வக்கீலை அவருக்குத் தெரியாது. அரசு வக்கீலும் போன வருடம் வந்தவர். லிஃப்ட்காரனுக்காக ஆஜராகும் சின்ன வக்கீலுக்குக் கையில் அறுபது வழக்கு, பழைய நாட்குறிப்பைப் புரட்ட அந்தப் பெண்ணுக்கு ஏது நேரம்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைகூட இல்லை இது. பூசணிக்காய் இருப்பதே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

வீட்டில் அவர் மனைவி தையல் மெஷினில் ஏதோ ஒரு பள்ளிச் சீருடையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள். எல்லாவற்றையும் சொன்னார்.

"செத்தவர் எப்படிங்க வாய்தா கேப்பார்?"

"கேக்கல. நான் எழுதினேன்."

"எதுக்கு?"

"எப்பவும் எழுதறதுதான்."

அவள் கொஞ்ச நேரம் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "சொன்னா என்ன ஆகும்?"

"விசாரணை வைப்பாங்க. சஸ்பெண்ட் பண்ணலாம். பென்ஷனை நிறுத்தி வைக்கலாம். ரிட்டையர் ஆக இன்னும் ஏழே மாசம்தான் இருக்கு. முப்பத்தொரு வருஷத்துல ஒரு மெமோ வாங்கினதில்ல நான்."

"சொல்லலைன்னா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"நான் உங்களைக் கேக்கல."

அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "அவனுக்கு ஜாமீன் கிடைக்காது. இழுத்தடிச்சது அவன்தான்னு நாலாவது தடவையும் எழுதிடுவாங்க. அப்புறம் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அந்தக் கட்டை யாரும் தொடமாட்டாங்க."

"இங்க பாருங்க" என்றாள் அவள். "சொல்லுங்கன்னு நான் சொன்னா, நாளைக்குப் பென்ஷன் வரலைன்னா உன்னாலதான்னு சொல்லுவீங்க. சொல்லாதீங்கன்னு சொன்னா அந்தப் பாவத்தையும் என் தலையில கட்டுவீங்க. முப்பத்தஞ்சு வருஷமா உங்களைப் பாக்கறேன். எழுதினது உங்க பேனா, முடிவும் நீங்களே எடுங்க. நாளைக்கு ஆபீஸ் போறீங்களா, சாப்பாடு கட்டணுமா? எனக்கு அது தெரிஞ்சா போதும்."

 அவள் மறுபடியும் மெஷினை மிதிக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் சொன்னார். "ரெண்டு வேளைக்குக் கட்டு."

இந்த இடத்தில் அவரை நான் எழுந்து நின்று கும்பிடத் தயார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த மனிதர் தன் கையெழுத்துக்கு எதிராகத் தானே துப்பறிந்தார். கைதிகளுக்குக் காவல் வரும் ஆயுதப்படைப் போலீஸ் அனுப்பிய "காவலுக்கு ஆள் இல்லை, கைதியை அனுப்ப இயலவில்லை" கடிதங்கள் கட்டின் அடியில் பிரிக்காமலே கிடந்தன. அவற்றைத் தேதி வாரியாக அடுக்கினார். நீதிபதி பதவி காலியாக இருந்த மாதங்களின் சுற்றறிக்கையைக் கண்டுபிடித்தார். சாட்சிக்குப் போன சம்மன் திரும்பி வந்ததா என்று உறை உறையாகப் பார்த்தார். புதிதாக ஒரு அட்டவணை போட்டார். எதிரி தரப்பு உண்மையிலேயே அவகாசம் கேட்டது ஒன்பது தடவை. போலீஸ் கைதியைக் கூட்டி வராதது பதினெட்டு. சாட்சி வராதது பதினாறு. நீதிபதி இல்லாதது பதின்மூன்று. கோர்ட்டுக்கு நேரம் போதாதது பதினொன்று. ஆறு தேதிகளுக்கு மட்டும் எவ்வளவு தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய வாய்தா ஐயாவாக இருந்தால் அங்கே எதை எழுதியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். "தெரியவில்லை" என்று எழுதினார். ஒரு சொல்தான், நாட்குறிப்பில் அதுவரை அவர் எழுதாத சொல்.

திங்கட்கிழமை கோர்ட்டில் கூட்டம். லிஃப்ட்காரனை அன்றைக்குக் கூட்டி வந்திருந்தார்கள். கூண்டுக்குப் பக்கத்தில் போலீஸ்காரரோடு நின்றான். உள்ளே போகும்போது இருபத்தாறு வயது, இப்போது முன்தலை வழுக்கை. வாய்தா ஐயா அட்டவணையை மேடையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். 

அம்மா படித்தார். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தி, நாட்குறிப்பை வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நாட்குறிப்புல எதிரி தரப்புன்னு அறுபத்தொண்ணு இருக்கு. நீங்க ஒன்பதுன்னு குடுத்திருக்கீங்க. ரெண்டும் உங்க கையெழுத்து. எது உண்மை?"

அவர் எழுந்தார். "அட்டவணைதாம்மா உண்மை. நாட்குறிப்பு பொய். காரணம் பாக்காம எப்பவும் அந்த ஒரு வரியையே எழுதிட்டேன்."  இன்னும் முக்கியமானது பாக்கி இருந்தது. "அதுல பதினோரு தடவை, அவங்க வக்கீல் அவகாசம் கேட்டார்னு எழுதியிருக்கேன். அப்ப அவர் உயிரோட இல்லம்மா. சாவுக்கு நானே போயிருந்தேன். இவர் ஜெயில்லேர்ந்து வக்கீல் இல்லைன்னு எழுதின மனுவை, என் வரியை நம்பித்தான் தள்ளுபடி பண்ணாங்க."

 சின்ன வக்கீல் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"இதை நீங்க சொன்னா உங்க மேல நான் நடவடிக்கைக்கு எழுத வேண்டி வரும். தெரியுமில்ல?"

"தெரியும்மா."

அம்மா அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, நிச்சயமாக இருந்தது. மரியாதையும் இருந்தது. பிறகு அரசு வக்கீல் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க சார்?"

அரசு வக்கீலுக்கு அன்றைக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. ஒரு எழுத்தர் இரண்டு நாளில் போட்ட கணக்கை எப்படி நம்புவது, சரிபார்க்க அவகாசம் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு மாதம் ஓடியிருக்கும். அவர் அட்டவணையை வாங்கி நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தார். "காவல் வராததும் சாட்சி வராததும் எங்க தரப்புப் பொறுப்பு. முப்பத்திநாலு. மறுக்கல. ஜாமீன் குடுக்கறதுன்னா என் பயம் ஒண்ணே ஒண்ணு. முக்கியமான சாட்சிகளை இன்னும் விசாரிக்கல. அவங்களுக்குப் பாதுகாப்பு வேணும்."

மேற்பார்வையாளரின் மனைவியை அம்மா உள்ளே கூப்பிட்டார். "இவர் வெளிய வந்தா உங்களுக்குப் பயமா இருக்குமா?"

"இருக்கும்மா" என்றாள் அவள், ஒளிக்காமல். "மிரட்டினார்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா தெருவுல பாத்தா என்னால தாங்க முடியாது."

அம்மா தலையசைத்து அதையும் குறித்துக்கொண்டார். பிறகு சுருக்கெழுத்தரைப் பார்த்து நிதானமாக உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார். வாய்தா ஐயா எத்தனையோ நீதிபதிகளின் உத்தரவைக் கேட்டவர். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டது அன்றைக்குத்தான்.

"குற்றச்சாட்டு மிகப் பெரியது. பெரியது என்பதாலேயே விசாரணை சீக்கிரம் நடந்திருக்க வேண்டும். இவர் செய்தாரா இல்லையா என்று இந்த நீதிமன்றத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆறு வருடமாக நாம் முயலவும் இல்லை. தண்டனை என்பது தீர்ப்புக்குப் பின்னால் வருவது. தீர்ப்பே எழுதாமல் இவரிடம் ஆறு வருடத்தை வாங்கிக்கொண்டோம்."

இரண்டு பேர் பிணையில் ஜாமீன். கிடங்கு இருக்கும் பகுதிக்கும் அந்த மனைவி இருக்கும் பகுதிக்கும் போகக் கூடாது, வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு சாட்சியை நெருங்கினாலும் அன்றைக்கே ஜாமீன் ரத்து. அதோடு நிற்கவில்லை அம்மா. வருகிற பதினெட்டாம் தேதி முதல் தினசரி விசாரணை, முதல் சாட்சி இந்த மனைவி, அடுத்து கிடங்கில் அன்று வேலையில் இருந்த நான்கு பேர் என்று தேதி தேதியாகச் சொல்லி எழுதவைத்தார். கடைசியாக, பெஞ்சு கிளார்க் மீது விசாரணைக்கு உத்தரவு. அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "தவற்றைக் கண்டுபிடித்ததும் அவரே, தானாக முன்வந்து சொன்னதும் அவரே என்பதை விசாரணை அதிகாரி கருத்தில் கொள்ள வேண்டும்."

லிஃப்ட்காரனுக்கு எதுவும் புரியவில்லை. போலீஸ்காரர் அவன் காதருகே குனிந்து, "ஜாமீன்டா" என்றார். அவன் அப்போதும், "அடுத்த தேதி எப்ப?" என்றுதான் கேட்டான்.

இடைவேளையில் வாய்தா ஐயா வராந்தாவுக்கு வந்தார். பெஞ்சின் ஒரு முனை காலி. அக்கா கைதி வண்டியை நோக்கி ஓடியிருந்தாள். மறுமுனையில் இருந்தவள் எழுந்து அவர் எதிரில் வந்து நின்றாள்.

"ஒவ்வொரு தடவையும் அவங்கதான் இழுக்கறாங்கன்னு என்கிட்ட சொன்னீங்களே சார்?"

"சொன்னேன்மா."

"அந்தப் பொண்ணை நான் மனசுக்குள்ள என்னவெல்லாம் திட்டியிருக்கேன் தெரியுமா? புருஷனைத்தான் கொன்னீங்க, நியாயத்தையும் கிடைக்க விடமாட்டீங்களான்னு. அவளும் என்னை மாதிரிதான் காத்துக்கிட்டு இருந்திருக்கா."

 வாய்தா ஐயா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"வேணாம் சார். நீங்க இன்னைக்கு உள்ள சொன்னதை வெளிய நின்னு கேட்டேன். பெரிய விஷயம்தான், இல்லைங்கல. ஆனா மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரல." முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். "பதினெட்டாம் தேதி எத்தனை மணிக்கு வரணும்?"

"பத்தரைக்கும்மா. உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க."

அவரைப் பதிவறைக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் கிடையாது, தூசிக்குக் குறைவில்லை. மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் தலைமை எழுத்தர் இரண்டு டீ வாங்கிக்கொண்டு பதிவறைக்கு வந்தார். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்ட ஆளை இப்பதான்யா நேர்ல பாக்கறேன்" என்று ஆரம்பித்தார். "சரி, ஆனது ஆச்சு. இனிமேலாவது நான் சொல்றதைக் கேளு. டாக்குமென்ட் காப்பி வேணும்னு ஒரு வாய்தா. உடம்பு சரியில்லைன்னு ஒண்ணு. வக்கீல் வைக்கணும்னு ஒண்ணு. ஏழு மாசம் என்ன, ஏழு வருஷம் ஓட்டலாம். ரிட்டையர் ஆயிட்டா பாதி விஷயம் தானா அமுங்கிடும். வாய்தா ஐயாவுக்கே வாய்தா வாங்க நான் சொல்லிக் குடுக்கணுமா?"

வாய்தா ஐயா சிரித்துவிட்டார். சிரித்து வெகு நாளாகியிருந்தது. டீயைக் குடித்தார், நண்பனின் தோளைத் தட்டினார். யோசனை மோசமானது என்று அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் விசாரணை அதிகாரியின் அறை. வேறொரு கோர்ட்டின் நீதிபதி அவர், வயதானவர், மென்மையாகப் பேசுகிறவர். பக்கத்தில் ஒரு நடுவயது எழுத்தர் அம்மாள், முன்னால் நடவடிக்கைப் பதிவேடு.

"உக்காருங்க" என்றார் அதிகாரி. "அந்த உத்தரவைப் படிச்சேன். உங்க மேல எனக்குக் கோபம் கிடையாது. குற்றச்சாட்டு நகல் நேத்துதான் உங்களுக்கு வந்திருக்கு. பதில் தயார் பண்ண ஒரு மாசம் கேக்கலாம், அது உங்க உரிமை. தள்ளி வச்சிடட்டுமா?"

அவர் அதை நிஜமான அன்போடுதான் கேட்டார். வாய்தா ஐயாவின் கண் முன்னால் ஏழு மாதமும் வரிசையாக வந்து நின்றது. சரிங்க ஐயா என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வீடு, பென்ஷன், மெஷின் முன்னால் குனிந்திருக்கும் மனைவி, எல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன.

அப்போதுதான் எழுத்தர் அம்மாளின் கையைப் பார்த்தார். இவர் பதில் சொல்வதற்கு முன்பே அந்த அம்மாள் எழுதி முடித்திருந்தார். மேஜைக்கு எதிர்ப்புறமிருந்து தலைகீழாகத் தெரிந்தாலும், எத்தனையோ ஆயிரம் தடவை தான் எழுதிய வரியைப் படிக்க அவருக்கு எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. அவகாசம் கேட்டதால் ஒத்திவைக்கப்பட்டது.

"அம்மா" என்றார் வாய்தா ஐயா. "அதை அடிச்சிடுங்க. நான் இன்னும் எதுவும் கேக்கல."

அந்த அம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தார். முகம் சிவந்துபோனது. "பழக்க தோஷத்துல சார்..."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா?"

அதிகாரி பதிவேட்டை எட்டிப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். "அப்ப என்ன பண்ணலாம்னு சொல்றீங்க?"

"இன்னைக்கே விசாரிச்சிடுங்க ஐயா."

எழுத்தர் அம்மாள் அளவுகோலை வைத்து அந்த வரியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். அதிகாரி நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டார்.